மூன்றாம் இடம் காலி

"அவளுக்குக் குடுத்ததை எனக்குக் குடுங்க சார்."

வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட வாக்கியம் இது. சொல்லி வளர்த்தவள் அம்மா. நாலு வீட்டுத் துணியை வாங்கி வந்து இஸ்திரி போட்டவள். திருப்பிக் கொடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவாள். அந்த வீடுகளில் என் வயதுப் பிள்ளைகள் கையில் எதையாவது வைத்துக்கொண்டு நிற்பார்கள். வழியிலேயே அம்மா சொல்லிவிடுவாள்: "பசிச்சா பசிக்குதுன்னு சொல்லு, தப்பில்ல. அந்தப் புள்ளைக்குக் குடுத்ததக் காட்டி எனக்கும் குடுன்னு கேட்டே, தோலை உரிச்சிடுவேன்." இருபத்தாறு வயது வரை நான் கேட்கவில்லை. போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, மேலாளரின் கண்ணாடி அறையில், கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டேன்.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "என்னம்மா குடுத்தேன் அவளுக்கு?"

"இடமாற்றப் பொறுப்பு."

"ஓ, அதுவா."

"அவ என்னைவிட ஒரு வருஷம் பின்னாடி வந்தவ சார். அந்தப் பட்டியல் பூரா நான் போட்டது."

"யாரு இல்லேன்னா? உனக்கு நம்பர் தெரியும். அவளுக்கு மனுஷங்களத் தெரியும். வாடிக்கையாளர் முன்னாடி நிக்கிற வேலை இது."

"நானும் நிப்பேன்."

"நிப்ப. முறைச்சிட்டு நிப்ப." அவரே சொல்லி அவரே சிரித்தார். "பட்டியல் எங்கம்மா போகப்போகுது? யார் வேணா பார்த்துக்கலாம். நீ கூட இருந்து உதவி பண்ணு. உங்க குடும்பத்துல மொத ஆளா படிச்சு இவ்வளவு தூரம் வந்திருக்க. அதுவே பெரிய விஷயம் இல்லையா?"

இந்தப் பாராட்டை நான் நிறைய வாங்கியிருக்கிறேன். தட்டிக்கொடுப்பது போலத் தோளில் கை விழும். கை எடுக்கப்படாது, அழுத்தும், அங்கேயே உட்கார் என்று. நான் திரும்பி வந்துவிட்டேன். வெளியே நாற்பது பேரும் திரையை ஒரேயடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருந்தது.

அந்தப் பொறுப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

மற்ற நிறுவனங்களின் கணினிகளை வைத்துப் பராமரிப்பது எங்கள் அலுவலகத்தின் தொழில். வைத்துக்கொள்வது என்றால் அலமாரியில் அடுக்குவதில்லை. கீழ்த்தளத்துக் குளிர் அறையில் ஆறு பெரிய சர்வர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு மெஷின்கள் ஓடுகின்றன. இந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றையும் யாரும் கையால் தொட முடியாது. எல்லாம் மெய்நிகர் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: இத்தனை டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு, இவ்வளவு நினைவகம். பெரிய சர்வர் அந்தக் குறிப்பைப் படித்து, தனியாக இல்லவே இல்லாத டிஸ்க்கை இருப்பதாக உள்ளே காட்டும். உள்ளே ஓடுவதும் நம்பிவிடும்.

அது நம்புவது இட எண்ணை வைத்து. முதலாம் இடத்தில் இருப்பது இது, இரண்டாம் இடத்தில் இருப்பது அது என்று. ஒரு தெருவில் ஒரு வீட்டை இடித்துவிட்டால், அடுத்த வீட்டுக் கதவில் இருக்கும் எண்ணை யாரும் மாற்றுவதில்லை. இடிந்த வீட்டின் எண் சும்மா கிடக்கும். தபால்காரர் தாண்டிப் போவார். ஆனால் குறிப்பில் நீங்கள் எண்ணைக் கட்டி வைக்கவில்லை என்றால், பெரிய சர்வர் வரிசையில் வந்தவருக்கு வந்த எண்ணைக் கொடுக்கும். நடுவில் ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை மெஷினை எழுப்பும்போது பின்னால் இருப்பதெல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிடும். ஐந்தாம் வீட்டுக்காரர் நான்காம் கதவில் நிற்பார்.

இது எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தப்பைச் செய்தவள். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம், ஒரு லாரி நிறுவனத்தின் மெஷினில் உபயோகமில்லாத டிஸ்க் ஒன்றைச் சுத்தமாக எடுத்தேன். மறுபடி எழுப்பினேன். நெட்வொர்க் கார்டு இடம் மாறிவிட்டது. உள்ளே இருந்த மெஷின் அதைத் தெரியாத கார்டு என்று நினைத்து, பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டது. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் காலை முழுக்க அறுபது லாரி நின்றது. அன்று மேலாளர் என்னிடம் சொன்னது: "வீட்ல ஒருத்தராவது இந்த வேலைல இருந்திருந்தா இதெல்லாம் காதுல விழுந்திருக்கும்மா. உன்னச் சொல்லிக் குத்தமில்ல."

குற்றமில்லை என்று சொல்லியே குற்றவாளியாக்குவது ஒரு கலை.

அதற்குப் பிறகு ஏழு வாரம், சாப்பாட்டு நேரத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு மெஷினையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஒரு பட்டியல் போட்டேன். எந்த டிஸ்க்குக்கு எந்த இடம், எந்தக் கார்டுக்கு எந்த இடம், எது எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்ட இடத்தில் 'காலி' என்று எழுதினேன். குறிப்புகளிலும் ஒவ்வொரு எண்ணையும் கட்டி வைத்தேன். காலி என்றால் காலியாகவே கிடக்க வேண்டும், யாரும் உட்காரக் கூடாது. குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் கேபிள் அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன நம்பரு, பஸ்ல கைக்குட்டை போட்டு எடம் புடிக்கிற மாதிரி புடிச்சு வெச்சிருக்க? ஏறப்போறது யாரு, உன் மாமியாரா?" அன்றிலிருந்து எனக்கு 'நம்பர்' என்பதே பெயர்.

இப்போது ஆறு பழைய சர்வர்களுக்குப் பதில் நான்கு புதியவை வந்திருக்கின்றன. எல்லா மெஷினையும் அணைத்து, குறிப்பைப் புதியதில் எழுதி, அங்கே எழுப்ப வேண்டும். ஒரு மாத வேலை. இதை முன்னின்று நடத்துகிறவள்தான் பிறகு அந்தப் பிரிவுக்குத் தலைவி. அவள் சொல்லாமல் ஒரு எண்ணும் மாறாது. எனக்கு வேண்டியது அது. அதைத்தான் ரேடியோவுக்குக் கொடுத்தார்கள்.

ரேடியோ என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். குரல் அப்படி. "கொஞ்சம் பொறுங்க, பார்த்துச் சொல்றேன்" என்று அவள் சொன்னால், கோபத்தோடு போன் செய்த வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டு வைப்பார். நான் அதே வார்த்தையைச் சொன்னால் மேலாளரைக் கூப்பிடு என்பார். அவள் சேர்ந்த முதல் நாளே என்னை 'நீ' என்று கூப்பிட்டாள். என் வாயில் இன்றுவரை அவளுக்கு 'நீங்க'தான் வருகிறது.

அவள் கெட்டவள் என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தப்புச் செய்தால் "ஐயோ, பாரேன் என் லட்சணத்த" என்று சத்தமாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என்னிடம் இல்லை. நான் ஒரு தப்புச் செய்தால் அது எங்கள் வம்சமே செய்த தப்பாகிவிடும். ஆனால் அந்தச் சிரிப்பைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவேன். தினமும் நான்கு மணிக்கு அவளுக்கு வரும் போன்தான் என் வயிற்றெரிச்சல். அவள் அப்பா. அவரும் இதே தொழிலில் இருந்தவர். "சாப்டியா" என்பார். அதை எல்லா அப்பாவும் கேட்பார்கள். அடுத்த கேள்வி: "அந்த ஸ்டோரேஜ் மக்கர் பண்ணுச்சே, என்னாச்சு?" என் அப்பாவும் கேட்பார், "வேலை எப்படிப் போகுது" என்று. "போகுதுப்பா" என்பேன். அதோடு சரி. ஒரு கட்டடத்து லிஃப்டில் முப்பது வருடம் நின்றவர். நான் கம்ப்யூட்டர் விற்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டாவது கேள்வி கேட்கத் தெரிந்த அப்பா ஒருவர் இருந்திருந்தால், லாரி அறுபதும் அன்று நின்றிருக்காது.

வியாழக்கிழமை மதியம் ரேடியோ என் மேசைக்கு வந்தாள். கையில் நான்கு பக்கம்.

"ஏய் நம்பர், நேத்து நீ சார்கிட்டக் கேட்டது காதுல விழுந்துச்சு. கோவமா?"

"இல்லைங்க."

"பொய். பரவால்ல. இது ஞாயித்துக்கிழமைக்கான திட்டம். மொதல்ல ரத்தப் பரிசோதனைக் கூடம், பதினோரு மெஷின். அன்னிக்கு அவங்களுக்கு லீவு. நீ ஒரு தடவை பார்த்துட்டு 'சரிபார்த்தவர்'ல கையெழுத்துப் போடு. நீ பார்த்துட்டேன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"ஒத்திகை பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு. ஒண்ண மாத்திப் பார்த்தேன், கிளி மாதிரி எழுந்து பேசுச்சு."

அவள் போன பிறகு படித்தேன். முதல் பக்கம் அழகு. இரண்டாம் பக்கம் அழகு. மூன்றாம் பக்கத்தில் என் பட்டியல் இருந்தது, தலை சீவிச் சிங்காரிக்கப்பட்டு. என் பெயர் இல்லை. அதோடு, 'காலி' என்று எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. எல்லா மெஷினுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பல்வரிசை மாதிரி எண்கள். ஓரத்தில் மேலாளரின் கையெழுத்தில்: 'மிக நேர்த்தி.' காலி இடங்கள் அவளுக்கு அசிங்கமாகத் தெரிந்திருக்கும். அடைத்துவிட்டாள்.

பரிசோதனைக் கூடத்தின் ஏழாவது மெஷினைப் பார்த்தேன். எனக்கு அது மனப்பாடம். இரண்டில் இயங்குதளம். மூன்று காலி, ஒரு பழைய டிஸ்க் இருந்து, எடுக்கப்பட்ட இடம். நான்கில் நகல் எடுத்து வைக்கும் டிஸ்க். ஐந்தில் பரிசோதனை முடிவுகள், யாருக்கு எந்த நோய் என்பதெல்லாம். எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிய ஒரு சின்ன நிரல் அதில் தினமும் ஓடுகிறது. அதன் முதல் வரி: நான்காம் இடத்தில் இருப்பதைத் துடை. துடைத்துவிட்டுத்தான் புது நகல் எடுக்கும். ரேடியோவின் கணக்குப்படி காலி அடைபட்டால் நகல் மூன்றுக்கு வரும். முடிவுகள் நான்குக்கு வரும். மெஷின் எழும். கிளி மாதிரி பேசும். பிறகு அந்த நிரல் வந்து நான்காம் இடத்தைத் துடைக்கும்.

அவள் ஒத்திகைக்கு எடுத்தது எது என்று பார்த்தேன். போன மாதம் செய்த புது மெஷின். அதில் காலி இடமே கிடையாது. எப்படி எழுப்பினாலும் சரியாகத்தான் எழும்.

மணி நான்கு. அவள் போன் அடித்தது. "சாப்டேன்ப்பா... இல்லப்பா, திட்டம் முடிஞ்சிருச்சு, சார் ரொம்ப நல்லாயிருக்குன்னாரு... ஆமா, நாலு சர்வர்தான்..." என்று நாற்காலியில் அரை வட்டம் சுற்றிக்கொண்டே பேசினாள்.

நான் பேனாவை எடுத்து 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. வங்கியில் போடுவதைவிடத் தெளிவாகப் போட்டேன்.

வீட்டில் எங்களுக்கு ஒரு அறையும் ஒரு சமையலறையும். இஸ்திரி மேசைதான் என் மேசை. அம்மா அதில் துணி போட்டு முடித்த பிறகு எனக்கு வரும். பலகை இன்னும் சூடாக இருக்கும். அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நின்றபடி வேலை. என்னைவிட நாலு வயது மூத்தவள். பத்தாவதோடு நின்றுவிட்டாள். எதனால் நின்றாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, எனக்குத் தெரியும்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாரையாவது அடிச்சிட்டியா?" என்றாள்.

சொன்னேன். இடம், எண், காலி எல்லாவற்றையும் தெருக்கதவு வைத்துச் சொன்னேன். அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது. மேலாளருக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது நினைவுக்கு வந்தது.

"அப்ப நீ கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்ட."

"ம்."

"நல்லது. நானா இருந்தா நானும் போட்டிருப்பேன்." எண்ணெய்க் கையைத் துடைத்தாள். "எங்க சூப்பர்வைசருக்கு ஒரு செல்லம் இருந்தா, தெரியுமா? லேபிள் ஒட்டற இடத்துல. ஒருநாள் பெரிய அளவு சட்டைக்கெல்லாம் சின்ன அளவு லேபிள் ஒட்டிட்டிருக்கா. நான் பக்கத்து மேசை. பார்த்துட்டே இருந்தேன். வாயத் தொறக்கல. நாப்பது பெட்டி திரும்பி வந்துச்சு. அன்னிக்கே அவள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அழுதுட்டே போனா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூணு நாள் நல்லாத் தூங்கினேன்."

"அந்த இடம் உனக்கு வந்துச்சா?"

"எனக்கா?" அக்கா என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சூப்பர்வைசரோட கொழுந்தியா வந்தா. இதவிட மோசம். இவ லேபிளையே தலைகீழா ஒட்டுவா." சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது: "ஆனா அதெல்லாம் சட்டை, அடியே. உன்னுது ரத்தம்."

அம்மா அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாததுபோல, அப்பாவின் சட்டையை இன்னொரு முறை உதறி மடித்தாள்.

வெள்ளி போனது. சனி போனது. இரண்டு நாளும் நான் சொல்லவில்லை. இதை மறைக்க நான் விரும்பவில்லை. சொல்ல நூறு வாய்ப்பு வந்தது. ஒரு முறை ரேடியோ தண்ணீர் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டு, "குடி, ரெண்டு நாளா வாடிப்போயிருக்க" என்றாள். அப்போதும் சொல்லவில்லை. அந்த முடிவுகள் துடைக்கப்பட்டுக் கிடக்கும் திங்கட்கிழமையை மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அதில் மேலாளர் என்னிடம் ஓடி வருவார். நான் மெதுவாக எழுந்திருப்பேன். எத்தனை முறை ஓட்டினாலும் நான் எழுந்திருக்கும் இடத்தில் படம் நின்றுவிடும். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் தன் ரத்த முடிவைக் கேட்டு அந்தக் கூடத்தின் ஜன்னலில் நிற்பார். அந்த முகத்தை ஓட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குளிர் அறையில் நான்கு பேர்: மேலாளர், ரேடியோ, கேபிள் அண்ணன், நான். பதினோரு மெஷினையும் அணைத்தாகிவிட்டது. ரேடியோ புதிய சர்வரில் குறிப்புகளை ஏற்றிவிட்டு, முதல் மெஷினை எழுப்ப விரலை வைத்தாள்.

"எழுப்பாதீங்க" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"ஏழாவது மெஷின்ல மூணாவது இடத்த அடைச்சிருக்கீங்க. முடிவுகள் நாலுக்கு வந்துரும். நாலைத் துடைக்கிற நிரல் ஒண்ணு உள்ள இருக்கு. மத்த மெஷின்லயும் கார்டெல்லாம் நகர்ந்திருக்கும், பாதி பேசாது."

ரேடியோ திரையைப் பார்த்தாள். ஏழாவது குறிப்பைத் திறந்தாள். அவள் கெட்டிக்காரி, பத்து நொடியில் அவள் காது சிவந்தது.

மேலாளர் நான்கு பக்கத்தைப் புரட்டினார். "நீ இதுல கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா. வியாழக்கிழமை."

"போட்டேன்."

"அப்பத் தெரியலையா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

கேபிள் அண்ணன் "அடியாத்தி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, தேவையே இல்லாத ஒரு வயரை எடுத்துச் சுற்றத் தொடங்கினார்.

ரேடியோதான் கேட்டாள். "ஏன்?"

"பொறாமை" என்றேன். வேறு எந்த வார்த்தையும் பொருந்தவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. இந்தப் பொறுப்ப நானே உனக்கு விட்டுக் குடுத்திருப்பேன்."

"விட்டுக் குடுக்க உங்ககிட்ட இருக்கு பாருங்க. அதுக்குத்தான் பொறாமை."

மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "சண்டையெல்லாம் அப்புறம். திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு அவங்க ஜன்னலத் தொறப்பாங்க. இப்ப என்ன பண்றது?"

"என் பட்டியல்படி எண்ணெல்லாம் திரும்பக் கட்டணும்" என்றேன்.

நாலரை மணி நேரம் ஆனது. நான் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னேன், ரேடியோ அடித்தாள். "இரண்டு, இயங்குதளம். மூன்று, காலி. நான்கு, நகல்." அவள் "காலி" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள். பதினோரு மெஷினில் ஒரு எழுத்தைக்கூட அவள் தப்பாக அடிக்கவில்லை. சற்று முன் அவமானப்பட்டவள், விரல் தடுமாறாமல் அடித்தாள். அதற்கும் பொறாமைப்பட்டேன். ஏழாவது மெஷினை எழுப்புமுன் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். எழுந்தது. முடிவுகள் ஐந்தில் இருந்தன. கேபிள் அண்ணன் வயரைக் கீழே போட்டுவிட்டு, "எந்திரிச்சிட்டான்யா மாப்ள" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அம்மா மேசையைக் காலி செய்யும் வரை காத்திருந்து, நடந்ததை எழுதினேன். ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் ஓர் அறிக்கை போக வேண்டும்: வாடிக்கையாளருக்கு, மேலாளருக்கு, தலைமை அலுவலகத்துக்கு. யார் எழுத வேண்டும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நான் எழுதினேன். அரைப் பக்கம். சூடான பலகையில் கை வைத்து எழுதியதால் முழங்கை வேர்த்தது. அனுப்பவில்லை. அப்படியே வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேலாளர் கூப்பிட்டதாகச் சொன்னார்கள். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரேடியோவின் மேசையில் அவளுடைய பொருட்கள் வேறு பக்கம் நகர்த்தப்பட்டிருந்தன. அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். நான் உட்கார்ந்து, அரைப் பக்கத்தை ஒரு முறை படித்தேன். மூன்று முகவரிக்கும் ரேடியோவுக்கும் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் எழுந்து போனேன்.

"வாம்மா, கதவச் சாத்து" என்றார். சாத்தினேன். "ராத்திரி பூரா யோசிச்சேன். நீ கேட்டது நியாயம். பொறுப்பு இனிமே உன்னுது. பிரிவும் உன்னுது. அவள வேற வேலைக்கு மாத்திட்டேன்."

எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அந்த நொடியிலும் ஆசைப்பட்டேன். வாயில் எச்சில் ஊறியது.

"ஒண்ணே ஒண்ணு. அறிக்கை நான் எழுதிக்கறேன். திட்டத்துல அவ பண்ணின தப்பு, கடைசி நேரத்துல நீ கண்டுபுடிச்ச. அவ்வளவுதான். அந்தப் பொறாமை கிறாமைன்னு சொன்னதெல்லாம் வேண்டாம். கையெழுத்து விஷயமும் வேண்டாம். புரியுதா? உன் நல்லதுக்குத்தான்."

"பட்டியல் யாரு போட்டதுன்னு எழுதுவீங்களா சார்?"

"அது எதுக்கும்மா? அது அலுவலகத்துப் பட்டியல்."

"அறிக்கை போயிருச்சு சார்."

"எங்க போயிருச்சு?"

"எல்லாருக்கும். இப்பதான்."

அவர் திரையைத் திருப்பினார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு படித்தார். அவர் எந்த வரியில் இருக்கிறார் என்று உதடு காட்டிக்கொடுத்தது. இட எண் பட்டியலைத் தயாரித்தவர் நான், இன்ன ஆண்டு, ஏழு வாரத்தில். காலி இடங்களை அடைத்தது திட்டத்தின் பிழை. காலியாக விட்ட காரணத்தை என் பட்டியலில் நான் எழுதி வைத்திருக்கவில்லை. பிழை தெரிந்தே சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்டவரும் நான். எண்களைத் திரும்பக் கட்டியவர்கள் இருவர்.

"உனக்குப் பைத்தியமா?" உண்மையாகவே கேட்டார். "பொறுப்பத் தூக்கி உன் கையில குடுத்தேனேம்மா. இத வெச்சுக்கிட்டு நான் உன்ன எங்கயும் உக்கார வைக்க முடியாதே. மெஷின் பக்கமே விட மாட்டாங்க உன்ன."

"தெரியும் சார்."

"அவளுக்காகவா பண்ணின?"

"அவளுக்காக நான் எதுக்கு சார் பண்ணணும்?" என் குரல் ஏறியது. "அவங்கப்பா நாளைக்கே வேற எடத்துல சேர்த்துவிட்டுருவாரு. நான் பண்ணினது எனக்கு. நான் போட்ட பட்டியலுக்கு ஊர் பேரு இல்ல, நான் பண்ணின தப்புக்கும் பேரு இருக்கக் கூடாது, அவ தப்பு மட்டும் பேரோட இருக்கும், அந்த எடத்துல நான் போய் உக்காரணும். அப்படி உக்கார்ந்தா நான் யாரு சார் அங்க?"

நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணாடி வழியாக ரேடியோ தெரிந்தாள். போனில் என் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தாள் போல. அவளைப் பார்த்ததும் உள்ளே அதே இடத்தில் அதே எரிச்சல், ஒரு இம்மிகூடக் குறையாமல் எரிந்தது.

"உக்காரும்மா. கொஞ்சம் யோசிக்கலாம். திரும்ப எடுக்க வழி இருக்கான்னு பார்ப்போம். தலைமை அலுவலகத்துல இன்னும் தொறந்திருக்க மாட்டாங்க" என்று மேலாளர் அவசரமாக எதையோ தட்ட ஆரம்பித்தார்.

"தொறந்துட்டாங்க சார். பதில் வந்திருக்கு, பாருங்க" என்று அவர் திரையின் மூலையில் வந்து விழுந்த அறிவிப்பைக் காட்டிச் சொல்லிவிட்டு, அவர் பார்ப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தேன்.